பரீட்சைப் படுக்கை

ஆயுசு முழுக்க மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்த்த வெள்ளைக்கண்ணுத் தரகரை, அன்றைக்குப் பெரியாஸ்பத்திரி ஆண்கள் வார்டில் ஆறாம் நம்பர் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, புது விரிப்பு விரித்து, போர்வை போர்த்தி, தலையைப் படிய வாரிவிட்டு, "அசையாம இருங்கய்யா, பிள்ளைங்க வருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நர்சிங் காலேஜுப் பிள்ளைகளுக்குச் செய்முறைப் பரீட்சை. காகிதத்தில் எழுதுகிற பரீட்சை இல்லை, ஆளை வைத்து நடத்துகிற பரீட்சை. அந்த ஆள் இவர். பக்கத்துக் கட்டில் ஆசாரி ஒருத்தர், காலில் பெரிய கட்டோடு கிடக்கிற மனுசன், வாய்க்கு மட்டும் கட்டுப்போடாமல் விட்டுவிட்டார்கள், காலையிலிருந்து ஒரே கேலி. "என்ன தரகரே, குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் அடிச்சு நிறுத்தியாச்சு போல. இன்னைக்கு உமக்குப் பல்லுப் பார்க்கிறாங்களாம்ல?" இவர் விடுகிற ஆளா. "எனக்குப் பல்லாச்சும் பார்க்கிறாங்க. உம்மைக் காலு போச்சுன்னு அடிமாட்டோட கட்டிட்டாங்கள்ல?" ஆசாரி கட்டில் அதிரச் சிரித்தார். இவருக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே நின்றும் போனது. காலு போச்சு. அடுத்து மனசு கை என்ற இடத்துக்கு வந்து, வந்ததும் வராததுமாக, மிரண்ட கன்றுக்குட்டி மாதிரி வேறு பக்கம் ஓடிவிட்டது. மேலே விசிறி சுற்றியது. ஒரு றெக்கை மட்டும் கொஞ்சம் தொங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் டொக் என்றது. அந்த டொக்கையே கேட்டுக்கொண்டு கிடந்தால் வேறெதையும் நினைக்க வேண்டியதில்லை. ஆனால் நினைப்பு கேட்டுக்கொண்டா வருகிறது? நினைப்பில் வசுமதி மேடம் வந்து நிற்கிறாள். காலேஜு டியூட்டர். ஒடிசலான உடம்பு, ஆனால் நடை மட்டும் லாரி வருகிற மாதிரி. காலையில் வந்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் தொங்கிய அட்டையைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். காய்ச்சல், நாடி, பிரஷர் எல்லாம் அந்த அட்டையில்தான் இருக்கும், பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிவிடக் கூடாதாம். பிறகு இவரிடம் குனிந்து, "ஐயா, உங்க பிரஷர் எவ்வளவுன்னு பிள்ளைங்க கேட்டா சொல்லிராதீங்க. கண்ணைக் காட்டக்கூடாது, தலையை ஆட்டக்கூடாது. போன வருசம் ஒரு பெரியவர் பாவம்னு எல்லாத்துக்கும் ஒப்பிச்சுட்டாரு, ஒரு பிள்ளைகூடக் காதுல குழாயை ஒழுங்கா வைக்கல" என்றாள். "அதுனால என்னம்மா, பிள்ளைங்க பாஸானா உங்களுக்குத்தானே பேரு?" என்று இவர் கேட்க, அந்தம்மா முகம் இறுகிப்போனது. "நாளைக்கு இதுங்க வேலைக்குப் போய்த் தனியா நிக்கும்யா. அப்ப நம்பரை யாரு சொல்லுவா?" என்றாள். இவருக்கு உடனே கோபம் வந்தது. யாரிடம் பேசுகிறாள், சந்தையில் வெள்ளைக்கண்ணு சொன்னால் சொன்னதுதான் என்று பேர் எடுத்தவனிடம் போய்... "சரிம்மா, நான் வாயைத் திறக்கலை. போதுமா? தரகன் வாக்கு" என்றார். சொல்லும்போதே, வாயைத் திறக்க மாட்டேன் என்றுதானே சொன்னோம் என்று உள்ளுக்குள் ஒரு தரகுப் புத்தி கண் சிமிட்டியது. எதற்குச் சிமிட்டுகிறது, யாருக்காகச் சிமிட்டுகிறது என்று அவருக்கே தெரியும். ஜெசிமாவுக்காக.

அவருக்கு நம்பர் தெரியும். விடிந்ததும் டூட்டி நர்சு கையில் பிரஷர் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, எழுதுகிறவளிடம் "ஆறாம் நம்பர், நூத்தி அறுபது தொண்ணூறு" என்றபோது இவர் தூங்குகிற மாதிரி கிடந்தார். தூங்குகிற மாதிரி கிடந்து கேட்பது தொழில். சந்தைக்கு முதல் நாள் வந்து வண்டிக்கடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, யார் எந்த மாட்டை என்ன விலைக்கு விடுகிறதாக இருக்கிறான் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டு வளர்ந்த காது. அப்பன் ஆத்தா கொடுத்த சொத்து ஒன்றும் கிடையாது, படிப்பும் கிடையாது, அடியும் உதையும் வாங்கி, மாட்டுச் சாணியில் நின்று, எவன் பொய் சொல்கிறான் என்று அவன் கழுத்து நரம்பைப் பார்த்துக் கற்றுக்கொண்டு மேலே வந்த ஆள். நூத்தி அறுபது தொண்ணூறு. வாய்க்குள் புகையிலை மாதிரி அதை ஒதுக்கி வைத்துக்கொண்டார். இந்த ஜெசிமா பிள்ளை இருக்கிறதே, வந்த முதல் நாளே நாடி பார்க்க மணிக்கட்டைப் பிடித்தது. இவருக்குப் பழக்கதோசம், யாராவது கையைப் பிடித்தால் விரல் தானாகப் பேசும், அதன் விரல் ஐந்தையும் ஒரு அமுக்கு, பிறகு இரண்டு விரலை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டார். அந்தப் பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தபடியே, "ஏழா? இந்த உடம்புக்கா? அஞ்சுக்கு மேல ஒரு பைசா வராது மாமா" என்றது. தூக்கிவாரிப் போட்டுவிட்டது. துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிற பாசை ஒரு பொட்டைப் பிள்ளைக்கு, அதுவும் வெள்ளைச் சட்டை போட்ட நர்சுப் பிள்ளைக்கு எப்படி? "எங்கத்தா ஆட்டு வியாபாரி. கிடா வாங்க என்னையும் சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டுப் போவாரு. ராவுத்தர் மகன்னு சொன்னா உங்க சந்தையில எல்லாருக்கும் தெரியும்." அட, ராவுத்தர் மகனா, வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு ஒரு சொல் பேசாமல் பேரத்தை முடிக்கிற அந்த ஆளா? "உங்கப்பன் விரல் இருக்கே தாயி, அது விரல் இல்ல, இடுக்கி" என்று இவர் சொல்ல, அது வார்டு அதிரச் சிரித்து, வசுமதி மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. மற்றவர்கள் இருந்தால் ஐயா, இல்லாவிட்டால் மாமா. அந்தச் சிரித்த முகம்தான் முந்தாநாள் மத்தியானம் இவர் தலைமாட்டில் நின்று கண்ணைத் துடைத்தது. போன பரீட்சையில் பெயிலாம். காதில் குழாயை வைத்ததும் நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம்தான் கேட்டதாம், நோயாளி நெஞ்சு இல்லை, அதன் நெஞ்சு. பயத்தில் எல்லோரும் எழுதுகிற மாதிரி நூத்தி இருபது எண்பது என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அந்த ஆளுக்குப் பிரஷர் அதலபாதாளத்தில் கிடந்திருக்கிறது. கேட்காமலே எழுதினாய் என்று எல்லோர் முன்னாலும் வெளியே அனுப்பிவிட்டார்கள். "இந்தத் தடவையும் போச்சுன்னா அத்தா கூட்டிட்டுப் போயிருவாரு மாமா. திட்ட மாட்டாரு. அதான் எனக்குக் கஷ்டம். பெட்டியைத் தூக்கி சைக்கிள்ல வச்சுக்கிட்டு, வா புள்ளைன்னு கூட்டிட்டுப் போயிருவாரு." அந்த வா புள்ளை என்கிற சொல் இவர் காதுக்குள் முள் மாதிரி நின்றுவிட்டது. கத்துகிற அப்பனைச் சமாளிக்கலாம். பேசாமல் பெட்டியைத் தூக்குகிற அப்பனை என்ன செய்வது?

வாசலில் சீட்டுக் குலுக்குகிற சத்தம். பிஸ்கட் டப்பாவில் கட்டில் நம்பரைச் சுருட்டிப் போட்டு, பிள்ளைகளை எடுக்கச் சொல்கிறார்கள், யாருக்கு எந்த நோயாளி என்பது எடுக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. அதற்கும் முன்னால் சோதனை. உள்ளங்கையைக் காட்டு, புறங்கையைக் காட்டு, கழுத்தில் தொங்குகிற அட்டையைத் திருப்பு, அதற்குப் பின்னால் துண்டுச் சீட்டு இருக்கிறதா, சட்டையில் தலைகீழாய்க் குத்தியிருக்கிற கடிகாரத்தைத் திருப்பு, அதற்கு அடியில்? ஒருத்தியிடம் ஏதோ அகப்பட்டுவிட்டது போல, "இது மாத்திரை பேரு மேடம், சாமி சத்தியமா எனக்குத்தான், தலைவலி மாத்திரை" என்று அழுகிற குரல். சந்தையும் இப்படித்தான், கொம்பைச் சீவி வயசைக் குறைப்பான், தண்ணீரைக் குடிக்கவைத்து வயிறு காட்டுவான், கண்டுபிடிக்கிறவன் ஒரு வழியை அடைத்தால் விற்கிறவன் இன்னொரு வழியைத் திறப்பான். இதில் யார் பக்கம் நிற்பது? இரண்டு பக்கமும் நின்றவர் இவர், அதுதான் தரகு. ஆனால் மாடு விலை போகும், போகாமல் திரும்பும், அதனால் யாரும் சாவதில்லை. இங்கே... விசிறி டொக் என்றது. இங்கே என்ன, இங்கேயும் ஒன்றும் ஆகாது, ஒரு பிள்ளை ஒரு நம்பரைச் சொல்லிவிட்டுப் போகிறது, எனக்கு என்ன பிரஷர் என்று இவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே தெரியும்தானே, அலமாரியில் பூட்டித்தானே வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் நம்பர் யார் வாயில் வந்தால் என்ன? இந்த நியாயம் நன்றாகத்தான் இருந்தது. ரொம்ப நன்றாக இருக்கிற நியாயத்தை அவர் நம்புவதில்லை, பல் ரொம்ப வெள்ளையாக இருக்கிற மாட்டை நம்பாத மாதிரி. வலது கையைப் போர்வைக்கு அடியில் மெதுவாக மூடித் திறந்தார். மூடியதா? மூடியது. சுண்டுவிரலும் மோதிர விரலும் மூடியதாகத்தான் தோன்றியது, எட்டிப் பார்த்தால் பாதியில் நின்றிருந்தன. எட்டிப் பார்த்திருக்கக் கூடாது.

அந்தக் கை. சரி, வந்துவிட்டது, இனி விரட்ட முடியாது. சந்தையில் மயக்கம் போட்டு விழுந்தார், அதுதான் ஊருக்குத் தெரிந்த கதை. கோட்டைராசு என்கிற வியாபாரி துண்டுக்குள் ஒரு விலையைச் சொல்லிவிட்டு வெளியே வேறு விலையைச் சொன்னான், தரகர் கோபத்தில் அவன் சட்டையைப் பிடித்தார், பிரஷர் ஏறி விழுந்தார். கோட்டைராசுவை நாலு பேர் சேர்ந்து திட்டி அனுப்பிவிட்டார்கள். அவன் போகும்போது, "அண்ணே, என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் எட்டுதாண்ணே புடிச்சேன்" என்றான். கண்ணில் தண்ணீர். எட்டுதான் பிடித்திருப்பான். ஐந்து விரலையும் ஒருமுறை, பிறகு மூன்று. இவர் கைக்கு அந்த மூன்றில் ஒன்று வரவில்லை. தோளில் துண்டு, துண்டுக்குள் கை, கைக்குள் ஒரு விரல் இருந்தும் இல்லாமல் போனது, இருட்டில் படிக்கட்டு இருக்கும் என்று காலை வைத்தால் இல்லாத மாதிரி. அந்த ஒரு நொடி வயிற்றில் ஏறிய குளிர், அதைத்தான் கோபமாக்கி அவன் சட்டையில் போய்ப் பிடித்தார். பிரஷர் கோபத்தில் ஏறியதா, அந்தக் குளிரில் ஏறியதா? ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்குப் பெரிய டாக்டர் கேட்டார், "கை கால் மரத்துப்போகுதா?" "இல்ல சார்." "பிடி தளருதா?" "நமக்கா சார்? கொம்பு சீவின காளையைப் பிடிக்கிற கை சார் இது." டாக்டர் சிரித்தார், அட்டையில் இல்லை என்று எழுதினார். சிட்டம்மா, இவர் பெண்சாதி, பக்கத்தில்தான் நின்றாள். காப்பித் தம்ளர் இரண்டு முறை கை நழுவி விழுந்ததைத் துடைத்தவள் அவள். டாக்டர் போனபிறகு, "ஏன் மறைக்கிறீக? டாக்டருக்கிட்ட என்ன பேரமா நடக்குது?" என்று கேட்டாள். "உனக்கு என்னடி தெரியும், கை போச்சுன்னு ஆஸ்பத்திரிச் சீட்டுல ஏறிருச்சுன்னா, அடுத்த சந்தைக்குள்ள ஊரெல்லாம் தெரிஞ்சுரும். துண்டுக்குள்ள எவன் கை விடுவான்?" அவள் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்றைக்குப் பரீட்சை என்று அவளையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். இல்லாததும் நல்லதுதான்.

முதலில் ஒரு பையன் வந்தான், காதுவரை வியர்வை. கூடவே வசுமதி மேடமும், வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் அம்மாவும். நரைத்த கொண்டை, மூக்கில் இறங்கிய கண்ணாடி, பேச்சே இல்லை. அந்தம்மா கையில் ஒரு விசித்திரமான ஸ்டெதாஸ்கோப். ஒரே வட்டம், அதிலிருந்து இரண்டு குழாய் பிரிந்து இரண்டு ஜோடிக் காதுக்குப் போகிறது. பிள்ளைக்குக் கேட்பதெல்லாம் அதே நேரத்தில் அந்தம்மாவுக்கும் கேட்கும். கற்பனையாக நம்பர் சொல்ல வழியில்லை. அடேயப்பா, இந்த வசுமதி சாதாரண ஆள் இல்லை, துண்டையே உருவிவிட்டாளே என்று வெள்ளைக்கண்ணுவுக்கு ஒரு கணம் மரியாதைகூட வந்தது. பையன் நாடி பார்க்கிற சாக்கில் உதட்டை அசைக்காமல், "தாத்தா, எவ்ளோ?" என்றான். தாத்தாவா? இவர் முகட்டைப் பார்த்தார். பையன் காற்றை அடித்தான், இறக்கினான், திரும்ப அடித்தான், கடைசியில் எதையோ சொன்னான், எக்ஸாமினர் அம்மா முகத்தில் ஈ உட்கார்ந்த அளவுகூட மாற்றம் இல்லை. குறித்துக்கொண்டாள். அடுத்து ஒரு பிள்ளை, கெட்டிக்காரி, சுருக்கென்று முடித்துவிட்டுப் போனது. ஆசாரி பக்கத்திலிருந்து, "தரகரே, விலை படிஞ்சுச்சா?" என்றார். வசுமதி மேடம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், ஆசாரி போர்வையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. நெஞ்சுக்குள் யாரோ உரல் இடிக்கிற மாதிரி இருந்தது. வாசலில் டப்பா மறுபடி குலுங்கியது. இந்த ஆறாம் நம்பர் சீட்டு அந்தப் பிள்ளைக்கு வரக் கூடாது. வரட்டும். வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். வராமல் ஆசாரி கட்டிலுக்குப் போகட்டும், காலொடிந்தவனுக்கு என்ன பிரஷர் இருக்கப்போகிறது, நூத்தி இருபது எண்பது, இந்தத் தடவை அது குத்துமதிப்பாக அடித்துவிட்டாலும் சரியாகிவிடும். இல்லை, எனக்கே வரட்டும்... "ஆறு மேடம்" என்றது ஜெசிமாவின் குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

அது வந்து வலது பக்கம் நின்றது. முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி. "வணக்கம் ஐயா, நான் நாலாம் வருச மாணவி, உங்க நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கப் போறேன், உங்களுக்குச் சம்மதமா?" மனப்பாடம். இத்தனை நாள் மாமா என்று கூப்பிட்ட பிள்ளை. "சம்மதம் தாயி" என்றார். எக்ஸாமினர் அம்மா குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள், வசுமதி மேடம் பின்னால் திரும்பி அடுத்த பிள்ளையை அதட்டிக்கொண்டிருந்தாள். இதுதான் நேரம், பேரத்தில் இப்படி ஒரு கண் அசந்த நேரம் வரும், அதில் முடித்துவிட வேண்டும். ஜெசிமா ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தது, இன்னொரு கையை அடியில் தாங்கக் கொடுத்தது. அதன் விரல்கள் மழையில் நனைந்த மாதிரி சில்லென்று இருந்தன, அல்லது அதுகூட அவருக்குத் தெரியவில்லை, சில்லென்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். போர்வையை இடது கையால் இரண்டு பேர் கைக்கும் மேலே இழுத்துவிட்டார். உள்ளே, ஒரு விரல். அதுதான் நூறு. பிடித்தார். பிடித்தோமா? ஒன்றைத்தான் பிடித்தோமா, இரண்டா? அடுத்து ஆறு, கை முழுதும் ஒரு முறை, பிறகு ஒரு விரல். சுண்டுவிரல் வரமாட்டேன் என்கிறது. ஏய், வாடா, இத்தனை வருசம் சோறு போட்ட கை, ஒரே ஒரு பேரம், இதற்கு மட்டும் வா. தொண்ணூறுக்கு ஒன்பது, கை முழுதும், பிறகு நாலு. நாலா, மூன்றா? எது அதன் விரல், எது என் விரல்? நூத்தி அறுபது சொல்லப் போய் இருநூத்தி ஐம்பது சொல்லிவிட்டேனோ? வெளியே கேட்காத ஒரு சந்தை இரைச்சல் காதுக்குள் கூடியது. கழுத்து நரம்பு துடித்தது. பிள்ளை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கடிகாரத்தையும் பார்க்கவில்லை. போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு உள்ளே அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தது, அவசரமில்லாமல், தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுக்கிற மாதிரி. பிரித்த கையை நேராக நீட்டி வைத்தது. போர்வையை விலக்கி மணிக்கட்டை மறுபடி பிடித்து, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தது. வெள்ளைக்கண்ணுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேண்டாமா? நான் கொடுத்ததை வேண்டாம் என்கிறாயா? வாக்கைத் தின்றுவிட்டுக் கொடுக்கிறேன், வேண்டாமா? போ, பெயிலாகு, உங்கப்பன் பெட்டியைத் தூக்கட்டும்.

பட்டி கையைச் சுற்றியது. காற்று ஏறியது, இறுகியது, கை யாரோ ஒருத்தர் கை மாதிரி தூரமாகப் போனது. இரண்டு ஜோடிக் காதிலும் குழாய். நரைத்த கொண்டையும் முக்காடு மாதிரி வெள்ளைத் தொப்பி போட்ட தலையும் கிட்டத்தட்ட இடித்துக்கொண்டு குனிந்திருந்தன. ஜெசிமா கண்ணை மூடிக்கொண்டது. உதடு ஏதோ முணுமுணுத்தது, ஓதுகிறதா, எண்ணுகிறதா? காற்று மெதுவாக இறங்கியது, இவ்வளவு மெதுவாக யாரும் இறக்கி அவர் பார்த்ததில்லை. வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டது, அல்லது அவர் மட்டும். இந்த இரண்டு பேருக்கும் என் நெஞ்சுக்குள் நடப்பது கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை, இது என்ன நியாயம்? உரல் இடிக்கிறது, அது கேட்கிறதா இவர்களுக்கு? கேட்கட்டும் ஆண்டவனே, அந்தப் பிள்ளைக்குக் கேட்கட்டும், அதன் நெஞ்சு கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளட்டும், என் நெஞ்சு கொஞ்சம் சத்தமாக அடிக்கட்டும். நூத்தி அறுபது தொண்ணூறு, நூத்தி அறுபது தொண்ணூறு என்று உள்ளே அவரும் ஓதினார். அது கண்ணைத் திறந்தது. குழாயைக் கழற்றியது. "நூத்தி எண்பத்தி நாலு, நூத்திப் பத்து மேடம்" என்றது. போச்சு. வெள்ளைக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவு தூரம் தப்பு. அவர் விரல்தான் தப்பாகச் சொன்னதா, அதன் காதுதான் தப்பாகக் கேட்டதா, எதுவானாலும் போச்சு, வா புள்ளை. எக்ஸாமினர் அம்மா தன் காதிலிருந்து குழாயை எடுத்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக ஒரு பிள்ளைக்குப் பதில் சொன்னாள்: "எனக்கும் அதான் கேட்டுச்சு." குறித்துக்கொண்டு, "போம்மா, அடுத்தது ஊசி போடுற டேபிள்" என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விடியற்காலையில் நூத்தி அறுபது என்றார்களே? காலையில் இருந்த விலை மத்தியானம் எப்படி... மாட்டுக்கு ஏறும், இறங்கும், அது சந்தை. உடம்புக்குள்ளுமா? அப்படியானால், நான் கொடுத்ததை அது வாங்கியிருந்தால்? அந்தம்மா காதில் நூத்தி எண்பத்தி நாலு கேட்கும்போது இது நூத்தி அறுபது என்று சொல்லியிருந்தால்? வியர்த்துக் கொட்டியது. ஜெசிமா போகவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. போயேன் தாயி, பாஸாயிட்டல்ல, போயேன்.

"மேடம்" என்றது ஜெசிமா. "இன்னொண்ணு. ஐயாவுக்கு வலது கையில பிடி சரியில்ல. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மடங்க மாட்டேங்குது. டாக்டருக்குச் சொல்லணும்."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றாள் வசுமதி மேடம். "அட்டையில நான் பார்த்தேன், அப்படி ஒண்ணும் இல்ல."

எக்ஸாமினர் அம்மா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். "பிடியை நீ சோதிக்கலையே. நான் இங்கதான நிக்கிறேன். எப்படித் தெரிஞ்சது?"

"கையைப் பிடிச்சாரு மேடம்."

"எதுக்குப் பிடிச்சாரு?"

விசிறி டொக் என்றது. ஜெசிமா கட்டில் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தது. பொய் சொல்லத் தெரியாத முகம் என்று ஒன்று உண்டு, சந்தைக்கு லாயக்கில்லாத முகம், அது சிவந்துகொண்டே போனது. பயந்துபோய்ப் பிடித்தேன் என்று இவரே சொல்லிவிடலாம், வயசான மனுசன், பட்டியைப் பார்த்துப் பயந்தேன் என்று சொன்னால் யார் இல்லை என்பார்கள்? நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் கை நன்றாகத்தான் இருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அந்தப் பிள்ளை சொன்னது பொய் என்று ஆக வேண்டும். போகச் சொன்ன பிறகு போகாமல் நின்று சொன்ன பிள்ளை. எனக்காக நின்ற பிள்ளை. வெள்ளைக்கண்ணு எழுந்து உட்கார்ந்தார். துண்டில்லாமல், நாலு பேர் கேட்க, ஆசாரி போர்வையை விலக்கிக்கொண்டு பார்க்க, வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு விலையைச் சத்தமாகச் சொன்னார். "நூத்தி அறுபது தொண்ணூறு! அதைச் சொல்லத்தாம்மா பிடிச்சேன். காலையில நர்சு சொன்னது என் காதுல விழுந்துச்சு. எங்க சந்தையில விரலைப் பிடிச்சு நம்பர் சொல்லுவோம், அது ராவுத்தர் பேத்தி, அதுக்கும் அது தெரியும். நான்தான் கொடுத்தேன். அது வாங்கல. கையைப் பிரிச்சு எடுத்துக் கட்டில்ல வச்சுருச்சு. கேட்டீங்கள்ல, அது சொன்ன நம்பர் வேற. அப்புறம் என்ன?" மூச்சு வாங்கியது. வசுமதி மேடம் அவரைப் பார்த்த பார்வையில், தரகன் வாக்கு என்று ஒரு சொல் நின்றது. "இதை எழுதிக் கொடுக்கணும் மேடம், விதி அது" என்றாள் எக்ஸாமினரிடம், கோபமாக இல்லை, களைப்பாக. எக்ஸாமினர் அம்மா கையிலிருந்த காகிதத்தை ஒருமுறை பார்த்தாள். "இவர் சொன்னதும் அது சொன்னதும் ஒண்ணா இருந்தா நானே எழுதுவேன் வசுமதி. நானும் அதே குழாயிலதான் கேட்டேன்." பிறகு ஜெசிமாவிடம், "ஊசி டேபிள்னு சொன்னேன்ல? போ. கையைக் கழுவிட்டுப் போ" என்றாள். பிள்ளை போனது. கை கழுவுகிற குழாய் திறந்த சத்தம் கேட்டது, ரொம்ப நேரம் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது, அழுகிறதோ என்னமோ, அழுதாலும் அது வேற அழுகை.

எக்ஸாமினர் அம்மா கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள். இரண்டு கையிலும் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து அவர் முன்னால் நீட்டினாள். "ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல பிடிங்க. எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கமா." வெள்ளைக்கண்ணு பிடித்தார். இடது கையில் அந்தம்மாவின் எலும்பு தெரிந்தது, மோதிரம் தெரிந்தது, அவள் லேசாக முகம் சுளித்தாள். வலது கையைப் பார்த்தார். பார்க்காமல் அங்கே எதுவும் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தோளிலிருந்து பலத்தையெல்லாம் இறக்கினார், இறங்கி வந்த பலம் முழங்கையைத் தாண்டி எங்கேயோ நின்றுவிட்டது. விசிறிக் காற்றில் அந்தம்மாவின் விரல்கள் அவர் கைக்குள் சும்மா இருந்தன. இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று காட்ட எத்தனையோ வழி உண்டு, உதறிக்கொண்டு சிரிக்கலாம், படுத்தே கிடந்ததால் மரத்துவிட்டது என்று சொல்லலாம்.

"மரத்துப்போகுதா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றார். "தீபாவளிக்கு முந்தியே ஆரம்பிச்சிருச்சு. டாக்டர்கிட்ட இல்லைன்னு சொல்லிட்டேன்."

"இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பாருங்க."

பார்த்தார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"இவ்வளவுதாம்மா" என்றார் வெள்ளைக்கண்ணு. "இதுக்கு மேல வராது."